பூண்டு வாங்காத வீடு

விடிவதற்கு முன்பே பெல்ட் ஓடத் தொடங்கிவிடும். சுரங்கத்திலிருந்து கரியைச் சுமந்து வரும் அந்த ரப்பர் பட்டைக்கு இரண்டு பக்கமும் நாற்பது நாற்பது பெண்கள் நிற்பார்கள். தலையில் துணி, மூக்கில் துணி, கையில் ஒன்றும் கிடையாது. உறை போட்டால் கல் எது கரி எது என்று விரலுக்குத் தெரியாது என்பது மேஸ்திரியின் கட்சி. ஓடுகிற கரியிலிருந்து கல்லையும், வெள்ளைக் களிக்கட்டியையும், மஞ்சளாக மினுங்குகிற கட்டிகளையும் பொறுக்கி முதுகுக்குப் பின்னால் எறிய வேண்டும். எறியும்போது திரும்பக் கூடாது. திரும்பினால் மூன்று கல் தாண்டிப் போய்விடும். இப்படி எட்டு மணி நேரம். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் சுவர் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கிறது என்பாள் என் மகள்.

அவள் நிற்பது பதினேழாவது இடத்தில். பதினெட்டாவது இடத்தில் நெட்டை. பெல்ட்டின் உயரம் அவளுக்கு ஒத்துவராது. நாள் முழுக்க முதுகை வளைத்தபடியே நிற்பாள். "முதலாளிக்கு என்னை மாதிரி குனிஞ்சு மரியாதை குடுக்கிற ஆளு இந்தக் கம்பெனியிலயே இல்ல" என்பாள்.

பெல்ட் முடியும் இடத்தில் நான். மாதிரி எடுக்கிறவன். கால் மணிக்கு ஒரு தடவை ஒரு மண்வெட்டிக் கரி அள்ளுவேன். அள்ளியதை உடைத்து, இரும்புத் தகட்டில் கூம்பாகக் குவித்து, உச்சியைத் தட்டி வட்டமாகப் பரப்பி, பலகையால் குறுக்கும் நெடுக்கும் கீறி நாலாக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு மிச்ச இரண்டை மறுபடி உடைப்பேன். மறுபடி கூம்பு, மறுபடி நாலு. காலையில் ஒரு வண்டிப் பாரமாக இருந்தது மாலையில் ஒரு தகர டப்பாவுக்குள் அடங்கிவிடும். அந்த டப்பாதான் சோதனைக்கூடத்துக்குப் போகும். இருபத்தாறு வருஷம் இதைச் செய்தேன். மேற்கே ஒரு மலை இருந்தது. அதை நாலு நாலாக வகுத்து டப்பாவில் அடைத்து அனுப்பியவன் நான்தான். நம்பாதவர்கள் மேற்கே போய்ப் பார்க்கலாம், மலை இருக்காது.

என்னைப் புளுகு மாமா என்று கூப்பிடுவார்கள். ஒருமுறை கரிக்கட்டியைப் பிளந்தபோது உள்ளேயிருந்து ஒரு தவளை வெளியே வந்து "மணி என்ன" என்று கேட்டது. நான் சொன்னேன். "இன்னும் நேரம் இருக்கு" என்று மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. இதைச் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெயர். எனக்கு வருத்தமில்லை. பொய் சொல்லும்போது நான் கண் இமைப்பதே கிடையாது. அதனால்தான் கேட்கிறவர்கள் கொஞ்ச நேரமாவது நம்புகிறார்கள். இந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் மினுக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அந்த மஞ்சள் கட்டிகளுக்கு நாங்கள் வைத்த பெயர் மினுக்கு. கரியின் வெடிப்புகளுக்குள் தகடு தகடாக ஒட்டியிருக்கும். பெல்ட்டில் பெண்கள் எவ்வளவு பொறுக்கினாலும் பொடிப்பொடியாகக் கொஞ்சம் என் தகட்டுக்கு வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி என் கூம்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "யோவ், டப்பாவுல போறது கரி. கல்லும் மினுக்கும் கரியில்ல. பொறுக்கிட்டு அனுப்பு. சுத்தமா வேலை பாக்கத் தெரியாதா?"

சுத்தமா என்ற அந்தச் சொல்லில்தான் விழுந்தேன். கடைசிக் கூம்பை நாலாக்கி டப்பாவில் போடும் முன் விரலால் துழாவி ஒரு மினுக்குக்கூட இல்லாமல் பொறுக்கிவிடுவேன். அரிசியில் கல் பொறுக்கும் பதம். அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு. மாதாமாதம் சோதனைக்கூடத்துச் சீட்டு அறிவிப்புப் பலகைக்கு வரும். 'மிகத் தூய்மையான கரி' என்று எழுதி, கீழே மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாங்காத மதிப்பெண்ணையெல்லாம் அந்தப் பலகையில்தான் வாங்கினேன்.

பெல்ட்டில் பொறுக்கிப் போட்ட கட்டிகளில் கரியும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வீணாக்க வேண்டாம் என்று கம்பெனி எங்களுக்கே கொடுத்தது. வாரம் ஒரு மூட்டை, வீட்டுக் கரி என்று பெயர். கம்பெனி கட்டிய லைன் வீடுகள் எண்பதிலும் அதுதான் எரியும். புகைபோக்கி கிடையாது; ஒரு கதவு, ஒரு சன்னல். மாதிரிக்காரன் என்பதால் குவியலில் முதலில் கை வைக்கும் உரிமை எனக்கு இருந்தது. நன்றாக மினுங்குகிற கட்டிகளாகப் பார்த்து எடுப்பேன், நின்று எரியும் என்று. ஒருநாள் கையளவு கட்டி ஒன்று கிடைத்தது, முழுக்க மஞ்சள். அதைக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தேன்.

"தங்கம்" என்றேன். "இந்தக் கரி முன்னே சேறும் சகதியுமா ஒரு காடு. அந்தக் காட்டை ஆண்ட ராஜா பொண்டாட்டிக்குச் சேத்து வச்சது. வேற யாருக்கும் சொல்லாதே."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். அது இமைக்கவில்லை. சிரித்துக்கொண்டே அதை அடுப்பில் போடாமல் மாடத்தில் வைத்தாள். "ராஜா பொண்டாட்டிக்குக் குடுக்காததை எனக்குக் குடுக்கிறீங்க, போகட்டும்" என்றாள்.

எங்கள் வீட்டில் பூண்டு வாங்கியதே கிடையாது. ஆனால் அடுப்பு மூட்டினால் வீடு முழுக்கப் பூண்டு மணக்கும். அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வெறும் தண்ணீர் சுட வைத்தால்கூடப் பூண்டுத் தண்ணீர். "வாசனையும் கம்பெனியே இலவசமா குடுக்குது" என்று நான் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் ஏழு பேர் இன்று இல்லை.

மனைவியின் உள்ளங்கையில் முதலில் கடுகு தூவினாற்போல் புள்ளிகள் வந்தன. தொட்டால் முரடாக இருக்கும். பிறகு பாதத்தில். பிறகு மார்பில் மழைத்துளி பட்ட புழுதி மாதிரி கறுப்பும் வெளுப்புமாக. கம்பெனி டாக்டர் சோப்பு போட்டுக் குளிக்கச் சொன்னார். குளித்தாள். அப்புறம் உள்ளங்கையில் ஒன்று புண்ணாகி ஆறாமல் போனது. இரண்டு வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்தாள். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பொழைப்பேனா?" என்று கேட்டாள்.

"பொழைப்பே" என்றேன்.

என் கண்ணையே பார்த்தாள். நான் இமைக்கவில்லை. அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அவள் போய் இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்லூரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். கல்லைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். நாங்கள் கல் டீச்சர் என்றோம். கரி அடுக்குகளிலிருந்து துண்டு எடுத்துப்போக அனுமதிச் சீட்டு வைத்திருந்தார். சுற்றிக் காட்ட என்னைத்தான் அனுப்பினார்கள், என்னைத் தவிர வேறு யாரை அனுப்பினாலும் வேலை நின்றுவிடும் என்பதால்.

சுரங்கத்து வெட்டுச் சுவருக்குக் கீழே நின்று என் ராஜா கதையை அவரிடமும் எடுத்து விட்டேன். கூடவே பஸ் நீளத்துக்கு ஒரு டைனோசர், அது ராஜாவின் வாகனம்.

"டைனோசர் அப்போ பிறக்கவே இல்லை ஐயா" என்றார் டீச்சர் அமைதியாக. "ராஜாவும் இல்லை. ஆனா சேத்துக்காடு நிஜம். இருபத்தெட்டுக் கோடி வருஷம் முன்னாடி."

பிறகு அவர் சொன்னார். செடியும் மரமும் விழுந்து, தேங்கின தண்ணீருக்குள் மக்காமல் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவை உயிரோடு இருந்தபோது குடித்த தண்ணீரில் மண்ணின் சத்தெல்லாம் துளித்துளி இருந்தது, நம் உடம்பில் உப்பு இருப்பதுபோல. அதுவும் கரியோடு புதைந்தது. எங்கேயோ தூரத்தில் ஒரு நெருப்பு மலை வெடித்தது. சாம்பல் காற்றில் வந்து காட்டின் மேல் படிந்தது. சுவரில் விரல் தடிமனுக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடும், நாங்கள் களிக்கட்டி என்று பொறுக்கி எறிவது. அதைத் தொட்டுக் காட்டினார். "இந்தக் கோடு மொத்தமும் ஒரு மூணு நாள்தான் ஐயா. மேலேயும் கீழேயும் இருக்கிற கறுப்பு பல ஆயிரம் வருஷம்." அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து, எல்லாம் புதைந்து இறுகிக் கரியான பிறகு, பூமி இந்த இடத்தில் விரிசல் விட்டது. அடியாழத்திலிருந்து கொதிநீர் அந்த விரிசல் வழியாக ஏறி வந்தது. வரும்போது சும்மா வரவில்லை. இரும்பும் கந்தகமும், அதோடு வேறு சிலதும் கரைத்துக் கொண்டு வந்தது. ஆறினதும் வெடிப்புகளில் படிந்துவிட்டது.

"அதுதான் உங்க மினுக்கு" என்றார். "வேற சிலதுன்னு சொன்னேனே, அதுல பாஷாணமும் ஒண்ணு, ஆர்செனிக்னு சொல்ற விஷம். செடி குடிச்சு வச்ச பாஷாணம் ஒரு லாரிக் கரிக்கு ஒரு கைப்பிடி தேறும். அது உலகம் பூராவும் உள்ளது. விரிசல் வழியா வந்தது எவ்வளவுன்னு அளந்து பார்த்தாத்தான் தெரியும்."

என் வாழ்நாளில் என் கதை ஒன்று நிஜத்திடம் தோற்றது அன்றைக்குத்தான். வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அதுவே ஒரு அதிசயம்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். வீட்டுக்கு அழைத்துப் போனேன். மகள் வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டியிருந்தாள். டீச்சர் வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார்.

"என்னம்மா சமைக்கிறே?"

"சமைக்கல. குளிக்கத் தண்ணி காயுது."

"பூண்டு ஏதாவது போட்டியா?"

"பூண்டா? இந்த வீட்டுக்குள்ள பூண்டு வந்து நான் பாத்ததே இல்லீங்க."

டீச்சர் உள்ளே வந்து, கேட்காமலே, தண்ணீர்ப் பானையைச் சாய்த்து அடுப்பை அணைத்தார். சன்னலைத் திறந்தார். அப்புறம்தான் சொன்னார், பாஷாணத்தைச் சுட்டால் பூண்டு வாசனை அடிக்கும் என்று. மாடத்திலிருந்த மஞ்சள் கட்டியைப் பார்த்தார். ஒரு ஓரத்தைச் சுரண்டிப் பொட்டலம் கட்டினார். சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்து, எதற்கும் கேட்டு வைப்பவர் போல, "அம்மாவுக்கு உள்ளங்கையில புள்ளி புள்ளியா ஏதாவது இருந்துச்சா?" என்றார்.

மகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதை அப்போதுதான் பார்த்தேன்.

பதினைந்து நாளில் டீச்சர் திரும்பி வந்தார். "ஒரு லாரிக்கு ஒரு மூட்டை" என்றார். கைப்பிடி இல்லை, மூட்டை. "ஆனா இது ஒரே ஒரு கட்டி ஐயா. வேற எங்கேயோ கிடைச்சதுன்னு கம்பெனி சொல்லிடும். இருபத்தாறு வருஷச் சீட்டு எல்லாத்துலயும் கரி சுத்தம்னு இருக்கு. அது எப்படின்னுதான் எனக்குப் புரியல. மாதிரி எடுக்கிறது யாரு?"

"ஒருத்தன்" என்றேன்.

டீச்சர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார், தொழிலாளர்களுடைய உடம்பைச் சோதிக்க வேண்டும் என்று. கடிதத்துக்குப் பதில் வரவில்லை. டாக்டர் வந்தார்.

காலையில் பெல்ட்டுக்குப் போகிற வழியில் குழாயடியில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருத்தியும் கையைத் தேய்த்துக் கழுவி நீட்ட வேண்டும். சுத்தமான கை இந்தப் பக்கம், புள்ளி விழுந்த கை அந்தப் பக்கம். முப்பத்தொரு பெண்கள் அந்தப் பக்கம் போனார்கள். என் மகள் பன்னிரண்டாவது. நெட்டையின் கையில் ஒன்றுமில்லை. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இந்தப் பக்கம் தனியாக நின்றாள். மேஸ்திரி சீட்டைப் படித்தார்: சுத்தக் குறைவால் வரும் தோல் நோய். மற்றவர்களுக்கும் பரவக்கூடியது. இன்றோடு வேலை இல்லை. பதினைந்து நாளில் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

முப்பத்தொரு பேரும் போகவேண்டிய இடம் எது என்று சீட்டில் இல்லை.

மத்தியானம் எல்லோரும் லைன் வீடுகளுக்கு நடுவிலிருந்த வெட்டவெளியில் கூடினார்கள். ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாப் பேச்சும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து முட்டியது: கரி சுத்தம் என்று சீட்டு இருக்கிறதே, நம் கைதானே அழுக்கு.

நான் எழுந்தேன். "சீட்டு பொய்" என்றேன். "மாதிரியில இருந்த மினுக்கையெல்லாம் பொறுக்கிட்டு அனுப்பினது நான்தான். இருபத்தாறு வருஷமா. அதைத்தான் நாம வீட்டுக்குத் தூக்கிட்டு வந்து எரிச்சோம்."

பிறகு யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

"மாமா, இந்தக் கதையில தவளை எப்ப வரும்?" என்றாள் நெட்டை.

"தவளை வராது."

"ராஜா?"

"ராஜாவும் வர மாட்டார். நான்தான் வருவேன். நான் மட்டும்தான்."

மறுபடி சிரிப்பு. வாழ்நாள் முழுக்க நான் சொன்ன பொய்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து, சொல்ல வேண்டிய ஒரே ஒரு நிஜத்தின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றன. இன்னும் பேசினால் இன்னும் நல்ல கதையாகிவிடும் என்று பயமாக இருந்தது.

அப்போது மகள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சொட்டு இரக்கம் இல்லை.

"சிரிக்காதீங்க" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "எங்கப்பா பொய் சொன்னா கண்ணு இமைக்காது. அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. இப்ப பாருங்க."

எண்பது பேர் என் கண்ணைப் பார்த்தார்கள். இமைகள் அடித்துக்கொண்டே இருந்தன. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

சிரிப்பு நின்றது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முன்வரிசையில் இருந்த ஒருத்தி, போன வருஷம் புருஷனைப் பறிகொடுத்தவள், எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மகள் என்னோடு அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலை தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வாங்க, முதலாளியைப் பாக்கப் போலாம்" என்றாள்.

மகள், நெட்டை, நான் மூன்று பேரும் போனோம். முதலாளி மரியாதை தெரிந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார்.

"உக்காருங்க பெரியவரே."

"பழக்கமில்லீங்க. நின்னுட்டே சொல்லிடறேன்."

"கரியில விஷம்னு சொல்றீங்களாமே."

"கரியில கொஞ்சம். நீங்க குடுத்த வீட்டுக் கரியில நிறைய."

"நான் குடுத்தேனா? நீங்க ஆசையா தூக்கிட்டுப் போனீங்க."

"என்ன இருக்குதுன்னு தெரிஞ்சா தூக்கியிருக்க மாட்டோம்" என்றாள் மகள்.

"இங்க பாரும்மா, உனக்கு வந்திருக்கிறது தோல் நோய். டாக்டர் எழுதியிருக்கார். கை சுத்தமா இல்லைன்னா..."

மகள் இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் விரித்து வைத்தாள். கண்ணாடி மேசை. அதில் அந்தக் கைகளின் நிழல் விழுந்தது. "இந்தக் கைதாங்க உங்க கரியைச் சுத்தம் பண்ணுது. அந்தக் கரி சுத்தம்னு வெளியில சீட்டு ஒட்டியிருக்கீங்க. கை மட்டும் எப்படி அழுக்காச்சு?"

முதலாளி அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. சோதனைச் சீட்டுகளின் கோப்பு ஒன்றை எடுத்துப் புரட்டினார். "இதெல்லாம் யாரு கையெழுத்து பெரியவரே?"

"என்னோடதுதாங்க."

"மாதிரியில கை வச்சது நீங்கன்னா, போலீஸ் கேஸ் ஆனா முதல்ல உள்ள போறது யாரு?"

"நான்தாங்க. பேச்சுத் துணைக்கு மேஸ்திரியையும் கூட அனுப்பினா நல்லது."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். பிறகு குரலை இன்னும் தாழ்த்தினார். "உங்க மகளுக்கு ஆபீஸ்ல வேலை போட்டுத் தரேன். உக்காந்து பாக்கிற வேலை. வீடும் உங்களுக்கே இருக்கட்டும். வயசான காலத்துல எதுக்கு இதெல்லாம்?"

என் மகளின் வேலைக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் நான் வேறு என்ன செய்ய முடியும்? ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்ல வாய் வந்தது. இதை மறைக்க மாட்டேன்.

"மத்த முப்பது பேரு?" என்றாள் மகள்.

"அவங்களைத் தனித்தனியா பாத்துக்கலாம்."

"பெல்ட்ல தனித்தனியாவா நிக்கிறோம்?"

முதலாளி நெட்டையின் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன வந்துச்சு? உன் கை சுத்தமாத்தானே இருக்கு?"

நெட்டை அந்த அறையில் முதுகை நிமிர்த்தி நின்றாள். அவ்வளவு உயரம் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. "இன்னிக்கிச் சுத்தமா இருக்குதுங்க" என்றாள்.

முதலாளி கோப்பை மூடினார். "சரி. போய் எங்க வேணும்னாலும் சொல்லுங்க. ஊரே புளுகு மாமான்னு கூப்பிடற ஆளோட பேச்சை எவன் நம்பறான்னு பார்ப்போம்."

"அது நியாயம்தாங்க" என்றேன். "என்னை நம்ப வேண்டாம். கரி சொல்லட்டும்."

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குப் பெல்ட்டின் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் கையை எடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். புள்ளி இல்லாத நாற்பத்தொன்பது பேரும்தான். பெல்ட் கல்லும் மினுக்குமாகக் கொஞ்ச நேரம் தானே ஓடிவிட்டு நின்றது. கம்பெனி வாசலில், எல்லோர் கண்ணும் படுகிற இடத்தில், என் இரும்புத் தகட்டைப் போட்டோம். சொல்லியனுப்பியதில் கல் டீச்சர் வந்திருந்தார். தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஒரு குமாஸ்தாவும் வந்து, கரி படாத இடமாகத் தேடி நின்றார்.

வீட்டுக்கு ஒரு கட்டி. நல்லது கெட்டது பார்க்கக் கூடாது, வீட்டில் இருப்பதில் கைக்கு வந்தது என்று டீச்சர் சொல்லியிருந்தார். எண்பது வீட்டிலிருந்தும் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டாளே, அவளும் கொண்டுவந்து போட்டாள், என் முகத்தைப் பார்க்காமல். எங்கள் வீட்டில் வீட்டுக் கரி இல்லை. டீச்சர் அடுப்பை அணைத்த அன்றே மிச்சத்தைக் குழிவெட்டிப் புதைத்துவிட்டோம். இருந்தது ஒன்றே ஒன்று. மகள் அதைத்தான் முந்தானையில் சுற்றிக் கொண்டு வந்தாள்.

ராஜா பொண்டாட்டிக்குச் சேர்த்து வைத்தது.

சுத்தியலை எடுத்து அதை முதலில் உடைத்தேன். ஒரே அடியில் பிளந்தது. அடித்த இடத்திலிருந்து எங்கள் வீட்டு வாசனை வந்தது. மாலை நேரத்து வாசனை, அவள் அடுப்பு மூட்டுகிற நேரத்து வாசனை. மகள் மூக்கை மூடவில்லை. நானும் மூடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே குந்தியிருந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு எல்லாவற்றையும் உடைத்தோம். கூம்பாகக் குவித்தேன், பரப்பினேன், நாலாகக் கீறினேன். எதிரெதிர் இரண்டைத் தள்ளியபோது ஒரு பெண் பதறினாள். "ஐயோ மாமா, எங்க வீட்டுது அந்தப் பக்கம் போயிருச்சே."

"போகல தாயி" என்றேன். "இப்படிக் கலக்கினப்புறம் எந்தக் கால் பங்கை எடுத்தாலும் அதுல எல்லா வீடும் இருக்கும். அதுக்குத்தான் இந்த வேலையே."

மறுபடி உடைத்து, மறுபடி கூம்பு. வெயில் ஏறிவிட்டது. மாடி சன்னலில் முதலாளி நின்றார். கடைசிக் கூம்பு. நாலாக்கியாயிற்று, டப்பாவில் போட வேண்டியதுதான். என் கை தானாகத் தகட்டுக்குள் இறங்கியது. இரண்டு விரல் துழாவி, ஒரு மினுக்குத் துணுக்கைப் பிடித்துத் தூக்கிவிட்டது. சத்தியமாக நான் செய்யவில்லை. இருபத்தாறு வருஷம் செய்தது.

மகளின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. உள்ளங்கை முரடாக இருந்தது. அந்த முரடு எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

"அப்பா" என்றாள். அவ்வளவுதான். இரண்டு நாளில் முதல் தடவையாக அப்பா என்றாள்.

துணுக்கை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மூன்று டப்பா. ஒன்று டீச்சருக்கு, ஒன்று தொழிலாளர் அலுவலகத்துக்கு, ஒன்று எங்களுக்கு. மூடி, அரக்கை உருக்கி ஊற்றி, அது இறுகுவதற்குள் ஆளுக்கொரு கட்டைவிரலாக அழுத்தினோம். புள்ளி விழுந்த விரலும் விழாத விரலும் அதில் எது எது என்று தெரியாது. டீச்சர் தன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். முடிவு வர ஒரு மாதம் ஆகும் என்றார். வீட்டைக் காலி செய்ய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. குமாஸ்தா டப்பாவுக்கு ரசீது மட்டும் எழுதிக் கொடுத்தார். மேஸ்திரி கதவைப் பூட்டினார்.

நாங்கள் பூட்டிய கதவின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டோம். மறுநாளும் விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தோம், பழக்கதோஷம். பெல்ட் ஓடவில்லை. அந்த இடத்தில் பறவைகள் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லைன் வீடுகளின் மேல் புகை இல்லை. நாங்கள் யாருமே அந்தக் கரியை மூட்டவில்லை. தள்ளிய பங்குகள் ஒரு சின்னக் குவியலாக வாசலிலேயே கிடந்தன. அதை வீட்டுக்குக் கொண்டுபோக யாரும் குனியவில்லை.

நெட்டை என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மகள் அவள் தோளில் சாய்ந்திருந்தாள், இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்தபடி.

"மாமா" என்றாள் நெட்டை. "ஜெயிப்போமா?"

இதே கேள்வியை வேறு விதமாக ஒருத்தி என்னிடம் கேட்டிருக்கிறாள்.

"ஜெயிப்போம்" என்றேன்.

நெட்டை திரும்பி என் கண்ணைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள். இமை அடித்துக்கொண்டது. கரித்தூள் என்று சொல்லி மழுப்ப வழியில்லை; பெல்ட் நின்று அன்றோடு இரண்டு நாள்.